பீரோவில் இரண்டு பிஸ்டன்

கோவில்பட்டி
28.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ராதாமணி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அத்தை நலம். மாடும் கன்றும் நலம். நான் கோபமாக இருக்கிறேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பிஸ்டனைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. நான் வேறு பேச்சை எடுத்தால் கப்பலில் சிக்னல் போய்விடுகிறது. பிஸ்டன் என்றால் மட்டும் நடுக்கடலிலும் தெளிவாகக் கேட்கிறது. தூத்துக்குடி சதீஷ்குமார் அடுத்த வாரம் உங்கள் கப்பலில் ஏறுகிறார் என்று தெரிந்தது. அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. புரட்டாசியில் புழுதியில் விதைத்த உளுந்து, மழை பிந்தியதால் பாதிதான் முளைத்தது. மக்காச்சோளம் நன்றாக வந்திருக்கிறது, காட்டுப்பன்றி விட்டுவைத்தால் நமக்கு. ஐப்பசி பிறந்து நல்ல மழை. கரிசலில் கால் வைத்தால் செருப்போடு ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வருகிறது. அத்தை இறங்கிக் களை பார்த்தார்கள், நான் வண்டித்தடத்திலேயே நின்றுவிட்டேன். எனக்கு அதில் காலை இழுத்து எடுக்க இன்னும் வசப்படவில்லை.

இனி உங்கள் பிஸ்டனுக்கு வருகிறேன். மார்ச் மாதம் புல்லட் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னீர்கள். பெருமாள்சாமி அண்ணாச்சி வண்டியைத் தன் லேத் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போய்ப் பிரித்துப் போட்டார். அந்தக் காலத்தில் வார்த்த ஒரிஜினல் பிஸ்டன், டப்பா பிரிக்காத பழைய சரக்கு, அதுதான் வேண்டும் என்று கோயம்புத்தூரில் யாரிடமோ சொல்லி வரவழைத்தீர்கள். வந்தது. ஏப்ரலில், நாற்பது வருஷம் டப்பாவில் கிடந்ததை நம்ப முடியாது, இப்போது வார்க்காமல் அடித்துச் செய்கிற ஃபோர்ஜ்டு பிஸ்டன்தான் உறுதி என்றீர்கள். அதுவும் வந்தது. ஜூனில் மறுபடி பழையது. ஆகஸ்டில் புதியது. பத்து நாளைக்கு முன்னால் பழையது. அண்ணாச்சியோ, பிஸ்டனைக் கையில் தந்தால்தான் அதை அளந்து சிலிண்டரைக் கடைவேன் என்கிறார். சிலிண்டரில் இன்னும் ஒரு தடவை கடையத்தான் இடம் இருக்கிறதாம். ஒன்றுக்குக் கடைந்துவிட்டால் மற்றது பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகும்.

ஏழு மாதமாக என் கல்யாணப் பட்டுக்கு மேல் இரண்டு டப்பா உட்கார்ந்திருக்கிறது. கதவைத் திறந்தால் கிரீஸ் வாடை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, சேலை வைக்க பீரோவா, வண்டிச் சாமான் கடையா?" என்று கேட்டார்கள். கப்பலில் ஆள் உள்ளே இறங்கி நிற்கிற சிலிண்டரில் வேலை பார்க்கிறவர் நீங்கள். ஒரு டம்ளர் அளவு பிஸ்டனுக்கு ஏழு மாதமா? பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் நீங்கள் நிற்பதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வண்டியை விற்றுவிடலாம் என்றேன், அதற்கும் வேண்டாம் என்றீர்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் சித்திரையில், அண்ணாச்சி சிலிண்டரைக் கடைந்து தர, அந்த எஞ்சினை நீங்களே கோர்த்தீர்கள். நீங்களே தேடி வாங்கின ஃபோர்ஜ்டு பிஸ்டன். மூன்றாம் நாள் கடம்பூரில் போளி வாங்கிக்கொண்டு உச்சி வெயிலில் திரும்பினோம். எஞ்சின் ஜாம் ஆகிப் பின்சக்கரம் இறுகிக்கொண்டது. உங்களுக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு வலது கால். அன்றையிலிருந்து இதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கம்பி வைத்த காலோடு நான் வாக்கரில் நடக்க ஆரம்பித்த வாரம் நீங்கள் கப்பல் ஏறினீர்கள். லீவில் வந்த நாற்பது நாளில் பாதி, சென்னையில் கோர்ஸ் என்று போனது. மீதி நாளில், நான் நடந்து வந்தால் நீங்கள் செல்போனைப் பார்ப்பீர்கள். கால் வலித்ததைவிட எனக்கு அது வலித்தது.

போன வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் இரண்டு டப்பாவையும் ஒயர்கூடையில் போட்டுக்கொண்டு நானே பட்டறைக்குப் போனேன். வாசலில் மூன்று படி. நான் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவதை அண்ணாச்சி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஸ்டூல் போட்டார், டீ வாங்கி வரச் செய்தார். பிறகு லேத்தை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தாயி, இத நான் அன்னைக்கே சொல்லிருக்கணும். அடிச்ச பிஸ்டனு, நாலு தௌ இடைவெளி விடுங்கன்னு தம்பி சீட்டு எழுதித்தான் குடுத்தாவ. நான் எல்லா வண்டிக்கும் கடையுத மாதிரி ரெண்டுதான் விட்டேன். தப்பு எங் கையில நடந்தது."

உங்களுக்குத் தெரிந்த விஷயம், எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் கூடுதலாக உப்புமாம், அதற்கு இடம் விட வேண்டுமாம். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காம். குறைந்துபோன அந்த இரண்டு தௌ ஒரு தலைமுடி கனம்கூட வராது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சிலிண்டரைத் தூக்கி அவர் காலில் போட்டிருப்பேன். ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம், அண்ணாச்சி, நீங்கள் நாலு தெரு தள்ளி உட்கார்ந்து லேத் ஓட்டிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டேன். பட்டறைப் பேர் போய்விடும் என்று பயந்தாராம். அழுதார். எனக்குப் பாவமாக இல்லை. கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய சீட்டுகளில் தேடி உங்கள் சீட்டை எடுத்துத் தந்தார். உங்கள் கையெழுத்துதான். ‘கிளியரன்ஸ் 4’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அளந்து பார்க்காமல் கோர்த்தது என் தப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களை எனக்குத் தெரியும். சரி, அந்தப் பங்கு உங்களுக்கு இருக்கட்டும். முழுதையும் நீங்களே ஏன் சுமக்கிறீர்கள்? சுமக்கிறவர் வீட்டிலாவது இருந்து சுமந்திருக்கலாம்.

எந்தப் பிஸ்டன் என்று அண்ணாச்சி கேட்டார். உங்களைக் கேட்காமல் ஃபோர்ஜ்டு என்று சொல்லிவிட்டேன். பழையதைப் போட்டால், நீங்கள் அன்றைக்கு ஃபோர்ஜ்டு வாங்கினது தப்பு என்று நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சனிக்கிழமை கடைந்து முடித்ததும், இடைவெளி பார்க்கிற தகட்டை வாங்கி நானே உள்ளே விட்டுப் பார்த்தேன். நாலுதான். அந்தப் பழைய பிஸ்டனைக் கவிழ்த்துப் போட்டுத் திருநீறு வைத்துக்கொள்ளலாமா என்று அத்தை கேட்கிறார்கள். நீங்கள் வந்து பதில் சொல்லுங்கள்.

எஞ்சின் கோர்த்து, வண்டி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துத்தான் தருவேன் என்று அண்ணாச்சி நின்றார். நான் விடவில்லை. கிக்கரை மிதிக்க என் காலுக்குத் தெம்பு கிடையாது. வேறு யாரும் மிதிப்பதற்கு நான் விடப்போவதும் இல்லை. முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டக் கூடாதாம். நமக்கு அந்த வேகம் போதும். அன்றைக்கு ரோட்டில் சிதறின போளி எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்தக் காண்ட்ராக்ட் கார்த்திகையோடு முடிகிறது என்பதைச் சதீஷ்குமார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீட்டித்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தச் சீட்டை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். வந்த பிறகு என் காலைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தழும்பு. இரண்டு நாள் பார்த்தால் பழகிவிடும், எனக்குப் பழகிவிட்டது.

கடல் அடங்கி இருக்கட்டும். செண்பகவல்லித் தாய் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். பின்னால் உட்கார எனக்குப் பயமில்லை, அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் ராதாமணி