விளக்குக்காரி துடுப்புக்காரருக்கு எழுதுவது

ஏனுங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன். நீங்கள் இருந்தால், “என்ன அம்மணி, கலெக்டருக்கு மனு எழுதறயா?” என்று கேட்டிருப்பீர்கள். அடித்துவிட்டேன்.

நீங்கள் போய் இரண்டாவது ஆடி வந்துவிட்டது. மருதமலைப் பக்கமிருந்து காற்று அப்படியே வருகிறது. மாடியில் காயப்போட்ட துணி ஒன்றும் நிலைகொள்வதில்லை. நான் சொல்ல வந்தது துணியைப் பற்றி அல்ல, நம் படகைப் பற்றி. நீங்களும் நானும் கடைசி வளைவில் நிறுத்திவிட்டு எழுந்த அந்தப் படகு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

உங்களுக்குத் தெரிந்த கதையையே முதலில் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லச் சொல்ல, நீங்கள் எதிரே உட்கார்ந்து தலையாட்டுவதுபோல் இருக்கிறது.

பம்ப்செட் கம்பெனியில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை நீங்கள் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். திறக்கவே அதற்கு மூச்சு வாங்கியது. இருந்த விண்டோஸைத் துடைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டீர்கள். கிழவிக்குக் கண் ஆபரேஷன் செய்ததுபோல் அது எழுந்து நடந்தது. அதற்கப்புறம்தான் உங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பித்து. பெரிய கம்பெனி விளையாட்டுகள் அதில் ஓடாது, நீங்களும் தேடவில்லை. ஒருவரோ இருவரோ வீட்டில் உட்கார்ந்து செய்து விற்கும் சின்ன விளையாட்டுகள்தான். லினக்ஸில் ஓடும் என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பென்குவின் படம் இருக்கும். நான் அதை வாத்து என்றேன். கடைசிவரை நம் வீட்டில் அது வாத்துதான்.

“வாத்துப் போட்டிருக்குதுங்களா?”

“போட்டிருக்குது அம்மணி.”

“அப்ப வாங்குங்க.”

படகு விளையாட்டை வாங்கிய ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். குளிர் தேசத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து செய்தது. மூடுபனி மூடிய ஆறு, அதில் ஒரு படகு, இரண்டு பேர். ஒருவருக்குத் துடுப்பு, ஒருவருக்கு விளக்கு. விலை என்று ஒன்றும் இல்லை. மனம்போல் கொடுக்கலாம், கொடுக்காமலும் எடுக்கலாம் என்று எழுதியிருந்தாள்.

“சும்மா எடுத்தா நல்லாயிருக்காதுங்க. நூத்தியொன்னு போடுங்க.”

“ஒன்னு எதுக்கு?”

“மொய்யி வெறும் நூறா வெப்பாங்களா ஆராச்சும்?”

நீங்களும் போட்டீர்கள். கட்டத்துக்குப் பக்கத்தில் டாலர் குறி இருந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை. பேங்க் மெசேஜை நான்தான் படித்தேன்.

“ஏனுங்க, எட்டாயிரத்துச் சொச்சம்னு வந்திருக்குது?”

நீங்கள் போனைப் பார்த்தீர்கள், திரையைப் பார்த்தீர்கள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. “உன்ற மொய்யி டாலர்ல போயிருச்சு அம்மணி.”

“சிரிக்காதீங்க. மளிகைக்கு வெச்ச பணமுங்க அது.”

“அதுக்குன்னு வெச்ச மொய்யத் திருப்பிக் கேக்கறதா?”

“நீங்க கேக்க வேண்டாம், நான் கேட்டுக்கறேன்.”

கேட்டேன். எட்டாவதோடு படிப்பு நின்றவள், இந்த விளையாட்டுகளில் வரும் பேச்சைப் படித்துப் படித்துக் கற்ற ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கள் பக்கம் பூஜ்யத்தில் முடித்தால் உறவும் முடிந்ததாக ஆகும், அதற்காகத்தான் அந்த ஒன்று, மற்றபடி டாலர் என்பது கைத்தவறு என்று விளக்கினேன். நூறு டாலரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ‘அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். அன்றே மொய் நோட்டில் பவானிச் சித்தப்பா பேருக்குக் கீழே அவள் பேரையும் எழுதினேன். அவள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் நாம் செய்ய வேண்டுமல்லவா?

அப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். ஜன்னலைச் சாத்திவிடுவோம், மேலே ஃபேன் சுற்றும், திரையில் பனி நகரும். எனக்குப் பாதித் தூக்கம். நாணல் உரசும் சத்தம் கனவில் கேட்கிறதா கம்ப்யூட்டரில் கேட்கிறதா என்று தெரியாது. கரையில் எங்கோ ஒரு மணி அடிக்கும், அது கோயில் மணிதான் என்று நான் சொல்வேன், அந்த ஊரில் ஏது கோயில் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தத் தண்ணீருக்கு ஒரு வாசனைகூட இருந்ததுபோல் எனக்கு ஞாபகம். உங்களுக்கும் இருந்ததா?

விளக்குப் பொத்தானிலிருந்து என் விரலை எடுத்தால் திரை இருண்டுவிடும். குக்கர் விசில் அடிக்கும், நான் எழுந்து ஓடுவேன். நீங்கள் இங்கிருந்தே கூப்பிடுவீர்கள்.

“அம்மணி, வெளக்கு அணஞ்சுபோச்சு.”

“அப்படிச் சொல்லாதீங்க. மலையேறுச்சுன்னு சொல்லுங்க.”

“செரி, மலையேறுச்சு. வா.”

“நீங்க போய்ட்டே இருங்களேன்.”

“நீயில்லாம எங்க போறது? இருட்டு.”

திரும்பி வந்து விளக்கைப் பிடித்தால், விட்ட இடத்திலேயே படகு நிற்கும். நல்ல படகு, ஆள் எழுந்து போனால் தானாக நின்றுகொள்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசி வளைவுக்கு வந்த அன்று உங்களுக்கு நெஞ்சு கரித்தது. மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றீர்கள். அடுத்த வாரம் நம் பெண் சுகன்யாவும் நானும் உங்களைக் கூடுதுறையில் கரைத்துவிட்டு வந்தோம். சாம்பல் உடனே போகவில்லை. படித்துறையை ஒட்டிக் கொஞ்சம் நின்றது, அப்புறம் தண்ணீர் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போயிற்று.

அந்தக் கம்ப்யூட்டரும் ஒரு வருஷம் தாங்கவில்லை. நம் படகு நின்ற இடத்தை மட்டும் பென்டிரைவில் எடுத்து, பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தேன். சுகன்யா புது லேப்டாப் வாங்கி வந்தாள். அதில் இருந்ததைத் துடைத்து நானே லினக்ஸைப் போட்டேன், இரண்டு தடவை தப்பாகி மூன்றாவதில் வந்தது. உங்கள் பழைய கீபோர்டையே அதில் சொருகிக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு நீங்கள் வைத்த சந்தனப் பொட்டு அதன் மூலையில் இன்னும் இருக்கிறது. துடைக்கும்போதுதான் பார்த்தேன், நான்கு அம்புக்குறிப் பொத்தான்களில் கீழ்நோக்கிய அம்பு மட்டும் சுத்தமாகத் தேய்ந்து அழிந்திருந்தது. முன்னால் துடுப்புப் போடுகிறவருக்கு மேல் அம்புதானே தேய வேண்டும்? அன்றைக்கு விளங்கவில்லை.

படகு விளையாட்டு புதியதில் திறக்கவில்லை. திரை ஒரு நொடி கருத்து, பழையபடி ஆகிவிடும். பீளமேட்டு ஆபீசில் நாளெல்லாம் இதே வேலை பார்க்கும் நம் பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தாள்.

“அது தேடற பழைய சாமான் ஒன்னு புது லினக்ஸுல இல்லம்மா. செஞ்சவங்களே மறுபடியும் கட்டிக் குடுத்தாத்தான் ஆகும்.” அப்புறம் நாற்காலியைக் காட்டிக் கேட்டாள். “ஓடுச்சுன்னா அப்பா எடத்துல நான் ஒக்காரட்டுமா?”

“வேண்டாம் கண்ணு.”

“ஏம்மா, பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிச்ச மாதிரி எத்தன நாளைக்கு வெச்சிருப்ப?”

உங்கள் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அது நம் ஆறாக இருக்குமா? உட்காராவிட்டால் நான் அந்த வளைவைத் தாண்டுவது எப்போது? முருகனிடம்கூட இதை எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. படகைக் கரை சேர் என்றா, அங்கேயே வை என்றா?

அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நூற்றியொன்று வைத்தவள்தான், துடுப்புக்காரர் தவறிவிட்டார், படகு பாதியில் நிற்கிறது என்று எழுதினேன். பதில் வர நாளாயிற்று. அவள் விளையாட்டுச் செய்வதை விட்டுவிட்டாளாம், இப்போது ரொட்டிக் கடையில் வேலையாம். பரண்மேல் போட்ட பழைய கம்ப்யூட்டரை எடுத்து, விளையாட்டை நமக்காகத் திரும்பக் கட்டி அனுப்பியிருந்தாள். கூடவே நான்கு வரி எழுதியிருந்தாள்.

‘துடுப்புக்கு ஆள் இல்லை என்று கவலைப்படாதீர்கள். துடுப்பைத் தொடாவிட்டால் ஆறே படகைக் கொண்டுபோகும், மெதுவாக. விளக்கை மட்டும் விடாதீர்கள். அந்தப் படகு தானாக ஓரிடத்தில் நிற்காது, கீழ் அம்பை அழுத்தி எதிர்த்துப் பிடித்தால்தான் நிற்கும்.’

ஏனுங்க, இதை நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே. நான் பருப்புக் கடைந்து, தாளித்து, கேஸ்காரனுக்குப் பதில் சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு ஆடி அசைந்து வரும்வரை, இருட்டில் ஒரு விரலால் ஆற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா? வந்ததும் “டீ ஆறிப்போச்சு” என்பீர்களே தவிர, கை வலிக்கிறது என்று ஒரு சொல் சொன்னதில்லையே.

தேய்ந்த அம்பின் மேல் அன்று சும்மா விரலை வைத்துக்கொண்டிருந்தேன். அழுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளையாட்டைத் திறந்தேன். மேற்கே மழை கட்டியிருந்தது, வீட்டுக்குள் சாயங்காலம்போல் வெளிச்சம். சுகன்யா கட்டிலில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் விட்ட இடத்தில் அதே பனி, அதே நாணல். நான் விளக்கைப் பிடித்தேன், படகு நகர்ந்தது. துடுப்புக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். வளைவு திரும்பியதும் ஆறு அகலமாகி, தூரத்தில் மணி அடித்தது. கரையில் சின்னதாக ஒரு படித்துறை தெரிந்தது. அதில் யாரோ வைத்த விளக்கு ஒன்று தெரிந்தது.

அப்போது பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. பருப்பை வைத்ததையே மறந்திருந்தேன். இரண்டு, மூன்று, நான்கு என்று அடிக்கிறது, அடிப்பிடித்த வாசனையும் வருகிறது. எழுந்தால் விளக்குப் போய்விடும், படகு இருட்டில் படித்துறையைத் தாண்டிப் போய்விடும். உங்களை விட்டுவிட்டு எப்படி எழுந்திருப்பேன்?

சுகன்யா வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகக் கை நீட்டித் தேய்ந்த அம்பின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். படகு நின்றது.

“நீ போம்மா. நான் புடிச்சுக்கறேன்.”

போனேன். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அம்மா, வெளக்கு மலையேறிடுச்சு. வா.”

வந்து பார்த்தபோது உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விரலை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்தேன். விட்ட இடத்திலேயே இருந்தது படகு.

“முன்னால போலாமாம்மா?”

“போலாம் கண்ணு. படித்துறைகிட்ட மெதுவாப் போ.”

துடுப்புக்காரர் மடியிலிருந்து துடுப்பை எடுத்தார். இரண்டு பேரும் கரை ஏறினார்கள். அப்புறம் திரையில் ஒன்றும் இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பருப்பு தீய்ந்துபோயிருந்தது. இரண்டு பேரும் அதையே ரசம் வைத்துச் சாப்பிட்டோம்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி காலியாக இருக்காது. வாத்துப் போட்ட விளையாட்டாகப் பார்த்து வாங்குவோம், காசு கொடுத்தே வாங்குவோம், கடைசியில் ஒன்றைச் சேர்த்து. டாலரா ரூபாயா என்று நானே பார்த்துக்கொள்கிறேன். சுகன்யா எழுந்து போகிற நேரம் வந்தால், அவள் திரும்பி வரும்வரை படகை நான் பிடித்துக்கொண்டிருப்பேன். கை வலிக்கிறது என்று சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் விளக்குக்காரி,
சுகன்யாவின் அம்மா