கடலுக்கு வராதவளின் பங்கு

சல்லி,
திருகோணமலை.
மாசி மாதம், ஞாயிறு மாலை.

என் அன்புக்குரிய சிவாஜினிக்கு,

உன் ரஜீவன் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளை கீர்த்தனியும் கோயில் அம்மாள் காவலில் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் நீயும், நீ வேலைக்கு நின்று பார்க்கிற அந்தக் கிழவியும் சண்டை பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

நாளாந்தம் போனில் கதைக்கிறவனுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நீ கணக்குக் கேட்கிறாய், நான் கணக்குச் சொல்கிறேன், அதற்குள் கிழவி உன்னைக் கூப்பிட்டுவிடுகிறா. சொல்ல நினைத்தது அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகிறது. குவைத்தில் வேலை செய்து லீவில் வந்த நஜ்முன் நிஸா வெள்ளிக்கிழமை திரும்பவும் அங்கே வருகிறா. அவவிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். பங்குனி முடிவில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன் இதை நீ வாசிக்க வேண்டும். கிழவி தூங்கின பிறகு ஆறுதலாக வாசி.

வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது. விடியப்புறம் போனால் கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்கள் பனிப்புகாருக்குள் பாதி தெரிகின்றன, பாதி இல்லை. காற்று அந்தப் பக்கத்தால் வந்தால் கோணேசர் கோயில் மணி கேட்கிறதா, நான்தான் நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியாது. வலையைப் போட்டுவிட்டு இருக்கிற அந்த நேரத்தில் எனக்குக் கண் திறந்தபடியே கனவு வருகிறது. போன கிழமை கண்டேன். நீ உன் காசில் கட்டின புது வீட்டுக் குசினி யன்னலில் நின்று, தலையைத் துவட்டிக்கொண்டே எங்கள் வள்ளத்தைத் தேடுகிறாய். நான் கை காட்டுகிறேன். நீயோ வேறு யாருடைய வள்ளத்துக்கோ கை காட்டுகிறாய். எனக்கு நல்ல கோபம் வந்தது. வள்ளத்தில் என்னோடு வருகிற பிரசாந்தன் வலையை இழுக்கச் சொல்லிக் கத்தியிராவிட்டால் உன்னோடு சண்டைக்கே வந்திருப்பேன்.

இனிக் காசுக் கதை. போன சித்திரையில் நீ அனுப்பிய புத்திமதி நினைவிருக்கிறதா? உன்னோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரி சொல்லித் தந்ததாகச் சொன்னாய். சம்பளம் வந்தவுடன் நூற்றுக்கு இவ்வளவைச் சேமிப்பில் போட வேண்டும், இவ்வளவில் வீட்டை நடத்த வேண்டும் என்று. எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு ஏது சம்பள நாள்? ஒருநாள் வள்ளம் நிறையப் பாரை மீன் வரும், பிறகு ஒரு கிழமைக்கு வலையில் பாசிதான் வரும். உன் பிலிப்பைன்ஸ்காரியை ஒருநாள் எங்கள் வள்ளத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் கரையில் காசு பிரிக்கும்போது யோசனை வந்தது. மீன் வித்த காசில் முதலில் எண்ணெய்க்கும் ஐஸுக்கும் கழிக்கிறோம். மிச்சத்தில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, பிறகுதான் ஆட்களுக்கு. வாய் திறந்து கேட்காத வள்ளத்துக்கே பங்கு வைக்கிறவன், வீட்டுக்குள் வந்தவுடன் எல்லாக் காசையும் ஒரே சட்டைப் பையில் வைத்திருக்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே பால்மா டின்களைக் கழுவிக் காயவைத்து அலுமாரியில் அடுக்கினேன். குசினிச் சமையலுக்கு ஒன்று, கீர்த்தனியின் படிப்புக்கு ஒன்று, கடலுக்குப் போக முடியாத வாடைக் காலத்துக்கு ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மாதமே கவிழ்ந்தேன். வந்த காசை அப்படியே டின்களுக்குப் பங்கு போட்டுவிட்டு ராசா மாதிரி இருந்தேன். கரண்ட் வெட்ட ஆள் வந்து வாசலில் நிற்கிறார், அடகுக் கடையில் உன் அட்டியலுக்கு வட்டி ஏறிக் கிடக்கிறது. எந்த டின்னிலும் அதற்குக் காசு இல்லை. கீர்த்தனி என்னைப் பார்த்து, "அப்பா, எண்ணெய்க் காசைக் கழிக்க மறந்திட்டீங்கள்" என்றாள். வள்ளத்தில் ஒருநாளும் விடாத பிழையை வீட்டில் விட்டிருக்கிறேன். அதன் பிறகு கரண்ட், தண்ணீர், வட்டி எல்லாம் முதலில் கழியும், மிச்சம்தான் பங்கு. கடன்களில் வட்டி கூடினதை முதலில் அடைத்தேன். உன் அட்டியல் வீட்டுக்கு வந்துவிட்டது. மீன்பாடு நல்ல நாளில் கடைத் தெருப் பக்கமே போவதில்லை, அன்றைக்குப் பார்க்கிறதெல்லாம் தேவையாகத்தான் தெரிகிறது. ஆவணி அறுவடையோடு ஈச்சிலம்பற்று வயல்காரரிடம் நேரே நெல் மூட்டைகள் எடுத்து வைத்தேன். கடையில் விலை ஏறினபோது எங்களைத் தொடவில்லை.

நாலாவது டின்னில் கீர்த்தனி நீல மையால் 'அம்மா' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். பிரசாந்தன் டெங்குவில் படுத்தபோது அவன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நோய் வருத்தத்தில் கடலுக்கு வராதவனுக்கும் பங்கு உண்டு என்பது எங்கள் வழக்கம்தானே. உனக்கும் அப்படித்தான். புரட்டாசியில் வீட்டுக்கு யன்னல் கதவு போட்டு முடிந்த நாளிலிருந்து நீ அனுப்பிய காசு முழுக்க உன் பெயரில் வங்கியில் கிடக்கிறது. டின்னுக்குள் இருப்பது வங்கி தந்த துண்டுகள் மட்டும்தான்.

வாடை முழுக்க வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. வாடை டின்தான் சோறு போட்டது. மார்கழியில் பருப்பும் தேங்காய்ச் சம்பலுமாக ஓடியது, கீர்த்தனி சோற்றுக் கோப்பையைப் பார்த்து முறைத்தாள். வீடியோவில் என்னைப் பார்த்து மெலிந்துபோனீங்கள் என்று நீ அழுதாயே, அது இதனால்தான், வருத்தம் ஒன்றுமில்லை. உன் டின்னில் நாங்கள் கை வைக்கவில்லை. சிவாஜினி, உன் சம்பளத்தைத் தொடாமல் ஒரு வாடையைக் கடந்துவிட்டோம். இதை உனக்குச் சொல்லத்தான், போனில் செலவுக் கணக்கை மட்டும் சொல்லி, இவ்வளவு காலமும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பிள்ளைக்குச் சீதன வீடு மேல்மாடியோடு குறையில்லாமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இன்னும் இரண்டு வருடம் என்கிறாய். உன் ஆசை எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அவள் இப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு. பூச்சு வேலையை வாடைக்கொரு சுவராகச் செய்தாலும் அவள் கல்யாணத்துக்குள் முடிந்துவிடும். நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டு இருந்தவள் நிமிராமலே, "வீடு தாறதெண்டால் தரட்டும். முதல்ல அம்மா அதில இருந்து பாக்கட்டும்" என்றாள். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வெள்ளியும் போனில் அறை அறையாக உனக்கு வீட்டைக் காட்டுகிறேன் அல்லவா? காட்டி முடிந்ததும் பூட்டிவிட்டு வந்துவிடுகிறோம். நாங்கள் படுப்பது இன்னும் பழைய தகரக் கொட்டிலில்தான். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபோகச் சொல்லி ஊரில் கேட்காத ஆள் இல்லை. வீட்டுக்காரி வரட்டும் என்கிறேன். பின்னேரங்களில் போய் யன்னல்களைத் திறந்துவிட்டு வெறும் நிலத்தில் சும்மா படுத்திருப்பேன். கடல் வெளிச்சம் வந்து சுவரெல்லாம் அசையும். அடுத்த அறையில் நீ ஏதோ தேடிக்கொண்டு இருக்கிறாய் போல இருக்கும். நான் எழும்பிப் பார்ப்பதில்லை.

வங்கியில் இருப்பதைக் கணக்குப் பார்த்துவிட்டேன். நீ வந்து ஆறு மாதம் கால் நீட்டி இருந்தாலும் போதும். அதற்கு மேல் கடல் இருக்கிறது, டின்கள் இருக்கின்றன, உன் புத்திமதிகளும் இருக்கின்றன. அந்தக் கிழவிக்கு அம்மாள் நல்ல ஆயுளையும், உன்னை அனுப்ப நல்ல மனதையும் கொடுக்கட்டும். கையெழுத்துக் கடதாசி வருகிற நாளில் பேனையைத் தொடாதே, என் ராசாத்தி.

புதுக் குசினியில் பால் பானை கழுவிக் கவிழ்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பசு சித்திரையில் கன்று போடும். பால் சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கும் உன்
ரஜீவன்