கூடைக்குக் கீழே இரண்டு விரல்

என் அன்பு அப்பா,

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு நிலக்கீழறையில் நடந்ததை எதையும் மறைக்காமல், எதையும் கூட்டாமல் எழுதப்போகிறேன். பிழை என்னுடையது. அதனால் தொடங்குவதற்கே மூன்று நாள் ஆகிவிட்டது.

செப்டெம்பரில் நீங்கள் இறந்தபோது, பியர் காய்ச்சும் மின்பானை பாதி வேலையில் நின்றது. அடியில் ஹீற்றர் கம்பியைப் பூட்டியிருந்தீர்கள். பார்லியைப் போட்டு உள்ளே இறக்குகிற கம்பிவலைக் கூடையின் கால்களை மட்டும் அளவுக்கு வெட்டவில்லை. நீங்கள் கடைசியாக அரைத்த பார்லி மூடிய வாளியில் இருந்தது. "நத்தாருக்கு எல்லாருக்கும் என்ர கையால ஒரு போத்தல்" என்று கிறிஸ்மஸ் பரிசைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். வருகிற சனிக்கிழமை அம்மா பானையை உங்கள் வேலைத்தல நண்பருக்குக் கொடுக்கப்போகிறார். அதற்கு முன்னால் அந்தப் போத்தல்களுக்காவது காய்ச்சிவிட நினைத்தேன்.

கூடை கம்பியில் முட்டினால் பார்லி கருகும். அதிகம் உயர்ந்தால் தண்ணீர் பார்லியை மூடாது. நீங்கள் குறிப்பெழுதும் கொப்பியில் மற்ற அளவெல்லாம் மில்லிமீற்றரில் இருக்கிறது. இது மட்டும், சோற்றுக்குத் தண்ணீர் வைப்பதுபோல: "கம்பிக்கு மேல இரண்டு விரல் விட்டுக் காலை வெட்டு."

யாருடைய விரல், அப்பா?

தேவாலயப் பூசை முடிந்து மாமா டவுன்டவுனில் இருந்து பஸ் பிடித்து பியர்பொன்ட்ஸில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்தார். கொப்பியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அத்தான் ஏன் விரலால அளந்தவர்? அடிமட்டம் இல்லாத வீடே இது?"

"உங்கட விரலை வைச்சுப் பாருங்கோ மாமா."

"இது ரெஸ்ரோரன்ட் குசினியில ஊதின கை. என்ர ரெண்டு விரல் விட்டால் கூடை பானைக்கு வெளியால எட்டிப் பாக்கும்."

"அப்ப என்ர விரல். அப்பான்ர கைதான் எனக்கு எண்டு எல்லாரும் சொல்லுறவை."

"அது வடிவைச் சொன்னது, பிள்ளை. அளவை இல்லை."

நான் கேட்கவில்லை. மாமா மூன்று கால்களையும் என் விரலளவுக்கு அறுத்தார். வெறும் கூடையை இறக்கியபோது அது ஆடாமல் நின்றது. கம்பிக்கு மேலே என் இரண்டு விரலும் சரியாக நுழைந்தன. சந்தோஷத்தில் உங்கள் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தேன். அதில் மாமாவின் குளிர்கோட் கிடந்தது.

பிறகு சுடுதண்ணீர் விட்டு பார்லியைக் கொட்டினோம். ஊறிய பார்லியின் பாரத்தில் கூடையின் அடி தொய்ந்து கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து பார்த்த எங்களுக்கு அது தெரியவில்லை. சூடு இறங்குகிறதென்று மாமா ஸ்விச்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அடிப்பிடித்த சோற்று மணம் வந்தது. கூடையைத் தூக்கினால் அடி முழுக்கக் கறுப்பு. மாமா தண்ணீரை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்.

"சாம்பல். இனி ஒண்டும் செய்யேலாது."

நீங்கள் அரைத்த பார்லி முழுவதையும் பின்வளவுப் பனியில் கொட்டினேன். அது ஆவி பறந்துகொண்டு கிடந்தது.

மணம் கேட்டு அம்மா கீழே வந்தார். நீங்கள் போனபின் அந்தப் படிகளில் அவர் முதல்முறை இறங்கியது அன்றுதான்.

"என்னத்தைக் கருக்கினனீங்கள்?"

நான் கொப்பியை நீட்டினேன். அந்த வரியை வாசித்துவிட்டு, யோசிக்காமலே பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகட்டிக் காட்டினார். "இவ்வளவு. அப்பான்ர ரெண்டு விரல்."

அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். நாலு சென்ரிமீற்றர். என் இரண்டு விரல் மூன்றுகூட இல்லை.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே. நான் இருவது வருசம் பிடிச்ச கை."

உங்கள் பியர் அம்மாவுக்குப் பிடிக்காது என்பதால் அவரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்னும் எதையெல்லாம் கேட்காமல் அறுத்துவிடப் போகிறேன்?

நத்தாருக்குப் போத்தல் இல்லை, அப்பா. பானையும் போய்விடும். அந்த வரிக்குப் பக்கத்தில் அம்மா காட்டிய அளவை ஒரு கோடாக வரைந்திருக்கிறேன். கொப்பியை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாததைத் தெரிந்தவள்போல இனிமேல் சொல்லவும் மாட்டேன். இவ்வளவுதான் என்னால் தரக்கூடிய வாக்கு.

இன்னொன்றையும் எழுதவேண்டும். அன்று அம்மா அந்த இரண்டு விரல்களையும் மடக்காமலே படியேறிப் போனார். மாமாவும் நானும் இன்னும் கீழே நிற்கிறோம் என்பது அவருக்கு நினைவில்லை. மேலே போனதும் கீழறை விளக்குகளை அணைத்துவிட்டார்.

உங்கள் மகள்,
ஸ்ரெல்லா