அழிந்த வெள்ளப்பதிவு குறித்துப் பொறியதிகாரி அடலேறனாருக்கு

ஏழாற்று நாடு தழைக்க! ஆறுகள் கரைக்குள் ஓடுக!

கோமகள் திருவளர்நங்கையார் திருவாய்மொழிப்படி முதலமைச்சர் நன்னிதேவர் வரையும் ஓலை. கணிப்பொறிச் சாலையின் தலைவரும், 'பிழையறியாப் பெருமதி' என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டவருமான அடலேறனார் காண்க. உம் சாலையில் உழைப்போர்க்கு நலம் உண்டாகுக. உமக்கு உண்டாவது கீழே வருகிறது.

சென்ற கார்மழையில் கரை உடைந்தபோது, பரிசல் துறையின் எழுத்தர் தாழைநங்கை, நீர் சூழ்ந்த நாற்பத்தொரு ஊர்களின் பெயர்களை ஈரக் கையோடு பொறியில் ஏற்றினாள். மீட்கப் போனவர்கள் எடுத்துப் பார்த்தபோது முப்பத்தெட்டே இருந்தன. விடுபட்ட மூன்றில் ஒன்றான நாணல்திட்டின் மக்கள் இரண்டு நாள் கூரைமேல் மழைநீரைக் குடித்துக் கிடந்தனர். நீரோ, எழுத்தர் உறங்கிவிட்டாள் என்று அவைக்கு எழுதி, அவளைத் துறையினின்று விலக்கினீர். ஆராய அறிவு வேண்டும்; பழி சொல்ல நாக்கு ஒன்றே போதும்.

நாணல்திட்டில் அவளுடைய தமக்கை வாழ்கிறாள். அப்பெயரைத் தான் மறந்திருக்க முடியாது என்பதை அவள் நெஞ்சு அறியும். பழைய பொறியொன்றை இரவல் வாங்கி அதே பதிவுகளைத் திரும்பத் திரும்ப ஏற்றினாள். நினைவகத்தில் இடம் இருந்தவரை ஒன்றும் தொலையவில்லை. நிறைந்த கணமே தொலைந்தது. பன்னிரண்டாம் நாள் காரணம் கண்டாள். இடம் போதாதபோது, சேமிப்பு வட்டில் எழுதி முடித்த நினைவகப் பக்கங்களை மட்டுமே துடைக்கவேண்டிய இயக்கநிரல், எழுதாத பக்கங்களையும் எழுதிவிட்டதாகக் கொண்டு துடைத்திருந்தது. அந்நிரலை எழுதியவர் நீர்.

இதை உரைக்க உம் வாயிலுக்கு மூன்று முறை வந்தாள். துறைக்காரிக்கு நினைவகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நகைத்தீராம். பின்னர் அவைக்கு வந்தாள். உம் பொறியிலேயே நினைவகத்தை நிறைத்து, கோமகளாரின் திருப்பெயரையே ஏற்றித் தொலைத்துக் காட்டினாள். அவையோர் பதறி எழுந்தனர், கோமகளார் நகைத்தார். எழுதியது உறுதியான பின்னரே துடைக்கச் சொல்லும் இரண்டே வரிகளைச் சேர்த்து, மீண்டும் ஏற்றினாள். பெயர் நின்றது.

உம் இருக்கையை அவளுக்கு அளித்தோம். அவள் மறுமொழியை அவையெழுத்தர் பிசகாமல் குறித்துள்ளார்: "அது வேண்டாங்கய்யா. அந்த நாற்காலியில உக்காந்தா வாசல்ல யாரு கூப்பிட்டாலும் காது கேக்காதாட்டம் இருக்குது. எனக்குத் துறையே போதும்."

ஆகவே ஆணை. தாழைநங்கை தன் பணிக்கு மீள்க. அவள் திருத்திய நிரல் நாட்டின் எல்லாப் பொறிகளிலும் ஏறுக. நீர் நாணல்திட்டு சென்று, வாசல்தோறும் நின்று, பிழை உம்முடையது என உம் வாயாலேயே உரைப்பீராக. அவர்கள் பேசி முடிக்கும்வரை மறுமொழி கூறற்க.

அன்றிற்பறவை முத்திரை இட்டோம். ஓலைக்கட்டைப் பிரித்த கையோடு புறப்படுக.