இரண்டாவது பை

கோஜே, அக்டோபர் 14

கண்ணே கிவோன், அம்மா நன்றாகத்தான் இருக்கிறேன், அந்த நார்வே மழையில் நீ எப்படி இருக்கிறாயோ, வேளைக்குச் சாப்பிடுகிறாயோ என்பதுதான் எனக்கு எப்போதும் கவலை. இங்கே போன வாரம் ஒரு கூத்து. கப்பல் கட்டும் தளத்தில் பெயின்ட் அடித்த பெண்களின் மூச்சைச் சோதிக்க ஆஸ்பத்திரி ஆட்கள் வந்தார்கள். ஊசி, ரத்தம் எதுவும் இல்லை, ஒரு பையில் ஊதினால் போதும். உடம்புக்குள்ளேயும் துருப் பிடிக்கிற மாதிரி ஒன்று நடக்குமாம், அதன் அடையாளம் மூச்சில் வந்துவிடுமாம். கப்பல் துருவுக்கு இருபத்தாறு வருஷம் பெயின்ட் அடிச்சோம், நம்ம துருவுக்கு யாருடி அடிப்பா என்று என் கூட்டாளி போங்னே கேட்க, நர்ஸ் பெண்ணுக்கே சிரிப்பு தாங்கவில்லை. முந்தின நாளே பூண்டு, கிம்ச்சி ஊறுகாய் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டதால் வெறும் கஞ்சியைக் குடித்து நாக்கு செத்துப்போயிற்று.

அங்கேதான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, தளத்தில் வேலை செய்யாத, ஆனால் அதே வீட்டில் இருக்கிற ஒருவரின் மூச்சும் வேண்டுமாம். கூட இருப்பவர் யார் என்ற இடத்தில் கை தன்னால் உன் பெயரை எழுதிவிட்டது. அப்பா கண்ணை மூடி, நீயும் நார்வே போய் ஐந்து வருஷமாகிறது, கைக்கு அது தெரியவில்லை. மகன் எப்பம்மா வருவாரு, வெள்ளிக்கிழமைக்குள்ள ஊதலேன்னா உங்களையும் ஆராய்ச்சியில சேக்க முடியாதே என்றாள் நர்ஸ். வந்துருவான் என்று சொல்லிவிட்டேன். போங்னே என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை போய் உண்மையைச் சொன்னேன். நர்ஸ் கோபிக்கவில்லை. ஆள் இல்லேன்னா வீட்டுக் காத்தையாவது பிடிச்சுட்டு வாங்கம்மா, யாரும் புழங்காத ரூமா இருக்கட்டும் என்று இன்னொரு பையும் சின்னப் பம்பும் கொடுத்தாள். நம் வீட்டில் அப்படி ஒரு ரூம்தான் இருக்கிறது. உன் கட்டிலில் உட்கார்ந்து, என் மூச்சு கலந்துவிடக் கூடாதே என்று அடக்கி அடக்கிப் பம்பை அழுத்தினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது, வெளியே ஓடிப்போய் அழுது முடித்துவிட்டு வந்துதான் மீதியை நிரப்பினேன். பையின் மேல் உன் பெயரையே எழுதினேன், நர்ஸ் பார்த்தாள், அதை அழிக்கவில்லை.

சோதனை முடிவு வர ஒரு மாதமாகும், அதை நினைத்துக் கவலைப்படாதே. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. நோய் நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்கவேண்டும். அடுத்த அக்டோபரிலும் வருவார்களாம், மறக்காதே கிவோன். இன்னொரு தடவை என்னைக் காலி ரூமின் காற்றைத் தூக்கிக்கொண்டு போக வைத்துவிடாதே.

வழி பார்த்திருக்கும் உன் அம்மா,
மல்சுன்