காத்தாடி வூட்டுக் கிழவி

வல்லக்கோட்டை முருகன் துணை

வல்லம்
ஆடி 5

எழிலு கண்ணுக்கு அத்த எழுதிக்கிறது. இங்க எல்லாருக்கும் ஒடம்பு சொகம். நீயும் சொகமாத்தான் இருப்பேன்னு நானா நெனச்சிகினு எழுதறேன். கேட்டுத் தெரிஞ்சிக்கலாம்னா நீதான் போன எடுக்க மாட்டேங்கற. ரிங்கு போயிகினே கீது. ஒங்க ஆஸ்டலு இங்கேர்ந்து கூப்புடு தூரம், அங்க வந்தா வாட்ச்மேன் ஞாயித்துக்கெழமதான் பாக்கலாங்கறான். ஞாயித்துக்கெழம வந்தா நீ ஓ.டி.க்குப் போயிட்டேங்கறான். அதான் ஒங்க கம்பெனி பஸ்ஸு ஓட்டற அண்ணாதுரை அண்ணங்கிட்ட குடுத்து அனுப்பறேன். தெனமும் நம்ம தெரு முனையிலதான் திரும்பறாரு. டப்பாவுல கேவுரு அட வெச்சிருக்கேன். ஆறிப்போனா நல்லா இருக்காது, அன்னிக்கே துன்னுடு.

ஒங்கப்பன் வந்துட்டுப் போனான். வந்தவன் மோர வாங்கி வெச்சிகினு குடிக்காம ஒக்காந்துனு இருந்தான். "இன்னாடா ராமா"ன்னேன். "அக்கா, எழிலு ஒரு பையனச் சொல்லுது"ன்னான். "நம்ம ரகுவத்தான"ன்னேன். "இல்லக்கா, அவ லைன்ல மெயின்டனன்ஸ் பாக்கறானாம். இனியவன்னு பேரு. சங்கரன்கோவில் பக்கம்"ன்னான். அப்பால அந்த மோர நான்தான் குடிச்சேன்.

நம்ம வழக்கம் ஒனக்குத் தெரியும். அத்த மவன் இருக்கும்போது பொண்ணு வெளிய போவணும்னா, வெத்தல பாக்குத் தட்டு மொதல்ல அத்த வூட்டுக்கு வரணும். அத்தயும் அவ புள்ளயும் ஆளுக்கொரு வெத்தல எடுத்து வாயில போட்டாத்தான் வெளியூருத் தட்டு ஒங்க வூட்டுக்குள்ள நொழையும். ஆவணி பொறந்ததும் எடுத்தாறேங்கறான் ஒங்கப்பன். நான் எடுக்க மாட்டேன்னு அவன்கிட்டயே சொல்லிட்டேன். நான் எடுக்காம அவன் ஒரு அடி வெக்க மாட்டான். அது ஒனக்கும் தெரியும்.

நான் புதுசா இன்னா கேட்டுட்டேன். முருகனே மாமன் பொண்ணுங்களத்தான கட்டினாரு. ஒங்கம்மா செருப்புக் கம்பெனிக்குப் போனப்பல்லாம் ஒன்ன வெச்சிகினு இருந்தது நான். நீயும் ரகுவும் ஒரே தட்டுல துன்னுட்டு அந்த பொம்மப் படம் பாப்பீங்களே, பெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுல வாங்கின இங்கிலீசு சீடி. மஞ்ச முடிக்காரி காத்தாடி வூட்டுல இருப்பா, செவப்புத் தொப்பி போட்ட பையன் படகுல வருவான். அத்த மவன் படிப்ப முடிச்சிகினு திரும்பி வரான், கூட இருக்கற கெழவிதான் அத்த, அவனுக்காகவே அந்தப் பொண்ண காத்துகினு கீறான்னு நான் சொல்ல சொல்ல நீ வாயத் தொறந்துகினு கேப்ப. "நம்ம ரகு மாதிரியா அத்த"ன்னு கேட்டது நீதான். நான் கேக்க வெக்கல.

ரகு எப்பவும்போல போர்க்லிப்ட் ஓட்டிட்டு வரான், துன்றான், படுத்துக்கறான்.

டப்பாவத் திருப்பி அனுப்பு. மூடி பத்திரம்.

ஒன்ன வளத்த அத்த
கிளியம்மாள்

*

ஒரகடம்
27.7.2025

அன்புள்ள அத்தைக்கு எழில் எழுதுவது.

அடை வந்தது. ரூமில் எல்லோரும் சாப்பிட்டோம். ஷெர்லின் மட்டும் உப்பு கம்மி என்றாள். அவள் நாகர்கோவில்காரி, எதற்கும் அப்படித்தான் சொல்வாள்.

போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் குரலைக் கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். பச்சைப் புடவை எனக்குப் பிடிக்காது என்று ஒரு தீபாவளிக்கும் உன்னிடம் சொன்னதில்லை. நீ ஆசையாக நீட்டுவாய், நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். இது புடவை இல்லை. எழுதினால்தான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

இனியவனைப் பற்றி அப்பா சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். எங்கள் லைனில் மெஷின் நின்றால் வந்து சரி செய்கிறவர். சத்தம் போட மாட்டார். சூப்பர்வைசர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது, "சார், தப்பு அவங்க மேல இல்ல, சென்சார்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தாமல் வேலையைப் பார்த்தார். அங்கேதான் ஆரம்பித்தது. வேறு கதை ஒன்றும் இல்லை.

இன்று ஞாயிறு, ஓ.டி. இல்லை. நீ எழுதியதைப் படித்ததும் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பெயர் தெரியாது. காற்றாலை, படகு, மஞ்சள் முடி என்று ஷெர்லின் போனில் தேடினோம். இப்போது தமிழிலேயே பேசுகிறார்கள். கட்டிலில் நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம்.

அத்தை, அந்தக் கிழவி அவளுக்கு அத்தை இல்லை. அவளைக் கைக்குழந்தையில் திருடிக்கொண்டு வந்த சூனியக்காரி. அந்தப் பையனும் அவள் பிள்ளை இல்லை. கடலுக்கு அந்தப் பக்கத்து மீன்காரன், புயலில் வழி தவறி வந்தவன். அதற்கு முன்னால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. கடைசியில் கிழவி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கரையில் நிற்பாளே, ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்பாயே, அது சாபம். படகு கவிழட்டும் என்று சாபம் விடுகிறாள்.

நீ சொன்ன கதையை நான் சொன்னதும் ரூமே சிரித்தது. "ஒனக்க அத்த ஆளு கொள்ளாமே, சூனியக்காரிக்கே மருமவள பிடிச்சுக் குடுத்திருக்காவ" என்று மெச்சினாள் ஷெர்லின். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் படம் முடியும்போது நான் தினமும் அழுவேன், அந்தக் கிழவி தனியாக நிற்கிறாளே என்று. "அழுவாதடி, ரெண்டு பேரும் கோயிலுக்குப் போறாங்க, சாயங்காலம் வந்துடுவாங்க" என்று நீ சொல்லுவாய். நான் அதை நம்பித்தான் தூங்கினேன்.

உன்மேல் குறை சொல்ல எழுதவில்லை. இங்கிலீஷ் படத்துக்கு நீ என்ன செய்வாய். ஆனால் நான் ரகுவைக் கட்டிக்கொள்வேன் என்று எல்லோரும் நினைத்ததில் அந்தப் படத்துக்கும் பங்கு இருக்கிறது. நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பத்தாவது படிக்கிற வரைக்கும்.

முருகன் மாமன் பெண்ணைக் கட்டினார், சரி. வள்ளியை யாருடைய வெற்றிலையைக் கேட்டுக் கட்டினார்?

உன்
எழில்

*

வல்லக்கோட்டை முருகன் துணை

வல்லம்
ஆடி 15

எழிலுக்கு அத்த எழுதறது. டப்பா வந்துச்சு, மூடிய காணோம். அண்ணாதுரை அண்ணங்கிட்ட கேட்டா, "எனக்கு இன்னாம்மா தெரியும், நான் ரோட்டப் பாத்துகினு வரேன்"ங்கறாரு.

சாமிய இழுத்து பேசாத. அவரு கெழவன் வேசம் போட்டாரு, யானையக் கூப்புட்டாரு, அது அவரு வெளையாட்டு. நம்ம வூட்டுல யாரு யானைக்குத் தவுடு போடறது.

ஒன் லெட்டரப் படிச்சிட்டு ரகுகிட்ட, "அந்தப் படத்த போட்டுக் காட்டுடா"ன்னேன். "இப்ப எதுக்கும்மா"ன்னான். "போடுடா"ன்னேன். நைட் ஷிப்டு போறதுக்கு முன்ன சொம்பு மேல போன சாச்சி வெச்சிட்டுப் போயிட்டான். ஒக்காந்து முழுசாப் பாத்தேன். அந்தக் கெழவிக்கு இன்னா கொரலு குடுத்து வெச்சிருக்கானுங்க, தகர டின்னு மாதிரி. இங்கிலீசுல இருந்தப்ப அவ அப்பிடிப் பேசல.

சரி, சூனியக்காரின்னு சொல்றாங்க. அவங்க எடுத்த படம், அவங்க சொன்னா சரிதான். ஆனா ஒன்னு கேக்கறேன். சூனியக்காரியா இருந்தா எதுக்குடி வேளாவேளைக்கு அந்த மரப்படியில மூச்சு வாங்க வாங்க கஞ்சி எடுத்துகினு ஏறுறா? முழங்காலப் புடிச்சிகினு ஒக்காந்து ஒக்காந்து ஏறுறா. அந்தப் பொண்ணுக்குக் காச்சல் வந்தப்ப விடிய விடிய வெளக்கு எரியுது. அதுக்கு அந்தத் தமிழ்க்காரனுங்க ஒரு வார்த்த பேசல, பாட்டப் போட்டுத் தாண்டிட்டானுங்க. நான் அதத்தான் பாத்தேன். ஒரு பொம்பள படியேறி சோறு எடுத்தாந்தா அவ ஒறவா இல்லாம வேற யாரா இருப்பா? வூட்டுல அந்த மாதிரி செய்யறது அத்ததான், அதான் அத்தன்னேன். அப்ப வரவன் அவ புள்ளதான. நீங்க ரெண்டு பேரும் "இன்னா சொல்றாங்க, இன்னா சொல்றாங்க"ன்னு புடவயப் புடிச்சி இழுத்தீங்க. எனக்கு எது ஞாயமாப் பட்டுச்சோ அதச் சொன்னேன்.

ஒன் பையன் நல்லவனாவே இருக்கட்டும். மெஷினு ரிப்பேரு பண்றவன் வேல இருக்கற எடத்துக்குப் போயிடுவான். நாளைக்கு ஓசூருங்கறான், நாளன்னிக்கு குஜராத்துங்கறான். நீ பின்னாடியே போவ. ரகு இங்கியே கீறான். வூடு கீது, ரெண்டு ரூம எடுத்துக் கட்டினேன், யாருக்குன்னு கட்டினேன்.

கிருத்திகைக்கு முருகன்கிட்ட போயிருந்தேன். ஒனக்கும் ரகுவுக்கும் முடிஞ்சா காவடி எடுக்கறேன்னு எப்பவோ வேண்டிகினு கீறேன், அத ஞாபகப்படுத்திட்டு வந்தேன்.

நான் தட்டுல கைய வெக்க மாட்டேன். அப்பால ஒன் இஷ்டம்.

கிளியம்மாள்

*

ஒரகடம்
6.8.2025

அன்புள்ள அத்தைக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆமாம், கஞ்சி எடுத்துக்கொண்டு ஏறுகிறாள். விளக்கும் எரிகிறது. எனக்கு அது முதல் தடவை கண்ணில் படவே இல்லை. ஆனால் அத்தை, அவள் படியிறங்கிப் போகும்போது கதவை வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடுகிறாள். அது உன் கண்ணில் படவில்லையா?

ரகுவிடம் பேசினேன். ஒரகடம் கூட்டு ரோடு டீக்கடையில். நான்தான் கூப்பிட்டேன். "எனக்குக் கஷ்டம்தான் எழிலு. இல்லன்னா பொய்யி. அதுக்காக ஒன்ன இஸ்துகினா வர முடியும்" என்றான். அப்புறம் ஆறிவிட்டது என்று இன்னொரு டீ சொன்னான். இதை உன்னிடம் அவன் சொல்ல மாட்டான் என்பதால் எழுதுகிறேன்.

இனியவன் அம்மா பெயர் முப்பிடாதி. நான் போனில் பேசினேன். வெற்றிலை வழக்கத்தைச் சொன்னதும், "வளத்தவிய மனசு கோணுனா அந்தத் தட்டு நமக்கு எதுக்குளா, அவிய எடுக்கட்டும், நாங்க காத்திருக்கோம்" என்றார்கள்.

நானும் காத்திருக்கிறேன். உன்னை மீறி ஓடிப்போக மாட்டேன், உனக்கு அந்தப் பயம் வேண்டாம். ரகுவையும் கட்டிக்கொள்ள மாட்டேன். நீ வெற்றிலை எடுக்காவிட்டால் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டு, இந்த ஆஸ்டலில் இப்படியே இருப்பேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்பா ஆவணி நாலாம் தேதி புதன்கிழமை வருவார். நான் வரக்கூடாது, பெண் வரும் வழக்கம் இல்லை. அதனால் நீ என்ன செய்தாய் என்று நீதான் எழுத வேண்டும்.

எழில்

*

வல்லக்கோட்டை முருகன் துணை

வல்லம்
ஆவணி 6

எழிலுக்கு அத்த எழுதறது.

ஒங்கப்பனும் ஒங்கம்மாவும் புதங்கெழம காலையில ஷேர் ஆட்டோவுல வந்து எறங்கினாங்க. தட்டு மேல செவப்புத் துண்டு போத்தி எடுத்தாந்தான். நான் வாங்கன்னு சொன்னேன், தட்டு வெக்க எடம் காட்டல. கையிலயே வெச்சிகினு நின்னான். ஒங்கம்மா, "அண்ணி, கால் கடுக்குது அவருக்கு"ன்னா. "ஒக்காரட்டும், யாரு வாணான்னா"ன்னேன். தட்ட வெச்சிகினு எப்பிடி ஒக்காருவான்.

நான் அடுப்பாண்ட போயிட்டேன். கொதிக்காத கொழம்பக் கிண்டிகினு இருந்தேன். "அக்கா, நான் போயிடட்டுமா"ன்னு கேட்டான். தம்பி அப்பிடிக் கேட்டு நான் பாத்ததில்ல.

அப்ப ரகு நைட்டு முடிச்சிகினு வந்தான். கம்பெனி பூட்ஸக் கூட கழட்டல. பாத்தான். மாமா கையில தட்டு, நான் அடுப்பாண்ட. "எடும்மா"ன்னான்.

"ஒனக்கு ஒன்னும் இல்லியாடா"ன்னு கேட்டேன். ஒங்கப்பன் முன்னாலியே கேட்டேன்.

"கீது"ன்னான். "நீ எடுக்கலன்னா அவ எத்தினி நாளு தாங்குவா. ஒரு நாளு ஒனக்காக ஒத்துகினு இந்த வூட்டுக்கு வந்துடுவா. எனக்கு அந்த மாதிரி வரவ வாணாம்மா"ன்னான்.

சொல்லிட்டு அவனே துண்ட விலக்கி ஒரு வெத்தலய எடுத்துட்டான். பாக்குகூட வெக்கல, சுண்ணாம்பும் தடவல. நின்னுகினே மென்னான். அப்பால பூட்ஸோட கொல்லப் பக்கம் குளிக்கப் போயிட்டான். மோட்டாரு ஓடிகினே இருந்துச்சு. தண்ணி ரொம்பி வழிஞ்சி சந்து வரைக்கும் வந்துச்சு. மொள்ற சத்தம் கேக்கல. ஒங்கம்மா எழுந்து போயி மோட்டார நிறுத்தலாம்னு பாத்தா. "வுடு, ஓடட்டும்"ன்னேன்.

அப்பறம் நானும் எடுத்தேன். ஒங்கப்பன் கால்ல வுழ வந்தான், புடிச்சி நிறுத்தினேன். அவங்கள சாப்ட வெச்சித்தான் அனுப்பினேன்.

சங்கரன்கோவில்காரங்க எப்ப வேணா வரலாம்னு சொல்லிடு. அந்த அம்மா சொன்னத எழுதியிருந்த. நல்லதாப்போச்சு. கல்யாணத்தன்னிக்கு அத்த செய்ய வேண்டிய நலங்கு, சீரு எதுலயும் கொற வராது. மொத நலங்கு என் கைதான், அத வேற யாருக்கும் வுட்டுக் குடுத்துடாத.

தாப்பாளு போட்டத பாத்தேனான்னு கேட்டிருந்த. பாத்தேன். கொழந்த மாடிப் படியில உருண்டுடும்னு போடறான்னு நெனச்சேன். அவ வளந்ததுக்கு அப்பறமும் போட்டிருக்கா, அத நான் யோசிக்கல.

இன்னொன்னு. ரகுவுக்குப் பொண்ணு பாக்கச் சொல்லி தரகருகிட்ட சொல்லியிருக்கேன். அமையற வரைக்கும் நீ இந்த வூட்டுக்கு வராத. பொங்கலுக்கும் வராத. கோவத்துல சொல்றதா எடுத்துக்காத. நீ வந்தா நான் ஒனக்கு எல போட்டு சோறு போடணும், அவன் எதிர்ல ஒக்காந்திருப்பான். என்னால ஆவாது. நேரம் வந்தா நானே கூப்புட்டு அனுப்பறேன்.

ஒடம்பப் பாத்துக்க. நைட் ஷிப்டுல வெறும் வயித்துல டீ குடிக்காத.

ஒன் அத்த
கிளியம்மாள்