பெல்ட் இடுப்பில் இருந்தபோதே

என் இல்லாளுக்கு,

பழைய முதலாளி செய்தது துரோகம். நீயும் பிள்ளைகளும் நலம்தானே?

போட்டி மல்யுத்தக் கம்பெனி அழைத்தபோது சாம்பியன் பெல்ட் என் இடுப்பில் இருந்தது. மாறுவதற்கு அதுதான் நேரம். "ஒரு வருஷம் பொறுங்கண்ணே" என்றார் பழைய முதலாளி. பொறுத்தேன். எங்கள் மல்யுத்தக் காட்சியில் யார் ஜெயிப்பதென்று முன்கூட்டியே முடிவு செய்பவர் அவர்தானே? என்னைத் தோற்க வைத்து, பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

வெறுங்கையோடு வந்தவனுக்கு இந்தப் போட்டிக் கம்பெனி முகமூடி மாட்டி, தினமும் தோற்கும் வேலை தந்திருக்கிறது. நேற்று என்னைத் தூக்கிய புதியவன் என் காதோரம், "பெரியப்பா, மெல்ல சாயுங்க, நான் புடிச்சுக்கறேன்" என்றான். சிரிப்புத்தான் வந்தது.

பழைய முதலாளி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ முழங்கால் உறை இரண்டு அனுப்ப வேண்டும். பேரன் டிவியில் பார்த்தால், முகமூடிக்குள் இருப்பது யாரென்று யாரும் சொல்லக் கூடாது.